மாமா வாங்கித் தந்த சீட்... மாட்ட மறுத்த பெல்ட்!

கங்கைகொண்டானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் காரின் நாலு கதவும் திறந்து கிடக்கிறது. பின்சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, வியர்வை சொட்டச் சொட்ட மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் ஓர் இளம் அப்பா. சிப்காட்டில் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளையும் ஒரு பெல்ட் தின்றுகொண்டிருக்கிறது.

வீட்டில் 11 மாதப் பெண் குழந்தை. அடுத்த வெள்ளிக்கிழமை திருச்செந்தூரில் மொட்டை. தாய்மாமன் சென்னையிலிருந்து சீராக அனுப்பிவைத்தது தங்கச் சங்கிலி இல்லை, ஒரு சைல்டு சீட். "அத்தான், பாப்பாவை இதுல உட்கார வெச்சுத்தான் கூட்டிட்டு வரணும்" என்று போனில் கண்டிப்பாகச் சொல்லியும்விட்டார்.

ஆனால், சீட் மாட்டினால்தானே? பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் பக்கிளுக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி சொல்கிறார்: "எதுக்குல இந்தப் பாடு? பிள்ளைய என் மடியில குடு. உன்னையெல்லாம் நான் மடியிலதான வெச்சுக் கொண்டுபோனேன்!"

இந்தக் காட்சி கங்கைகொண்டானில் மட்டும் நடப்பதில்லை. சைல்டு சீட் வாங்கும் வீடுகள் கூடிவருகின்றன. வாங்கிய சீட் காரில் சரியாகப் பொருந்தாமல், இரண்டு நாளில் பரணுக்குப் போய்விடுவதும் நடக்கிறது. அதைவிட ஆபத்து இன்னொன்று: எப்படியோ கட்டி வைத்துவிட்டு, "சீட் இருக்குல்ல" என்று நிம்மதியாகிவிடுவது. பெல்ட் பிடிக்காத சீட், குழந்தையையும் பிடிக்காது.

ஆச்சி மடி ஏன் போதாது?

பாசத்தில் குறையில்லை. கணக்குதான் இடிக்கிறது. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தை முன்னால் இழுக்கும் விசை, சுமார் 140 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். கிட்டத்தட்ட இரண்டு 75 கிலோ அரிசி மூட்டை. எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால், அவர் உடம்பும் சேர்ந்து குழந்தையை நசுக்கும்.

கங்கைகொண்டானைக் கடந்து போவது மதுரை - கன்னியாகுமரி நாற்கரச் சாலை. அங்கே வேகம் 50-ல் நிற்பதில்லை. போதாததற்கு பக்கத்திலேயே புள்ளிமான் சரணாலயம். லாரி திரும்பினாலும், மான் குறுக்கே வந்தாலும், பிரேக்கை மிதிக்க யோசிக்க நேரம் இருக்காது.

சரியான சைல்டு சீட், விபத்தில் குழந்தை இறக்கும் ஆபத்தை சுமார் 60 சதவிகிதம் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலும் இது விருப்பப்பட்டால் செய்யும் விஷயம் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டாலோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்காமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தை விடுங்கள். அதைக் கட்டிவிடலாம்.

பெல்ட் பெரியவர்களுக்காகப் பிறந்தது

இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் வால்வோ கம்பெனியின் எஞ்சினீயர் நில்ஸ் போலின். தோளில் ஒரு முனை, இடுப்பின் இருபுறமும் இரண்டு முனை. மோதலின் அதிர்ச்சியை இடுப்பெலும்பும் நெஞ்சுக்கூடும் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் சூட்சுமம். வளர்ந்தவர்களுக்கு அந்த எலும்புகள் உண்டு. கைக்குழந்தைக்கு இடுப்பெலும்பு இன்னும் முற்றவில்லை, தலையோ உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. அந்தப் பெல்ட்டை நேரடியாகக் குழந்தைக்குப் போட்டால், வயிற்றிலும் கழுத்திலும் ஏறும்.

அதனால்தான் நடுவில் சைல்டு சீட் வருகிறது. குழந்தையை சீட்டின் பட்டைகள் பிடிக்கும். சீட்டை காரின் பெல்ட் பிடிக்கும். இந்த இரண்டாவது பிடியில்தான் எல்லாச் சிக்கலும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிக்கல் 1: பெல்ட் எட்டவில்லை

நம் அப்பாவின் சிக்கல் இதுதான். குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி சீட்டை வைத்தால், பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வரவேண்டியிருக்கும். நீளம் அதிகம் தேவைப்படும். "பெல்ட் சின்னது" என்று முடிவுகட்டும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், பெல்ட் முழுதாக வெளியே வந்திருக்கிறதா? வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் பாதியிலேயே பூட்டிக்கொள்ளும். விபத்தில் பூட்டுவதற்காக வைத்த அமைப்பு அது. கார் சரிவில் நின்றாலும் இதே கதைதான். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பெல்ட்டை முழுக்க உள்ளே விட்டு, மெதுவாக இழுங்கள்.

இரண்டாவது, சீட் கவர். கார் வாங்கிய கையோடு ரெக்சின் கவர் போடுவது நம் ஊர் வழக்கம். தைத்தவர் பின்சீட் பெல்ட்டை யாரும் போடப்போவதில்லை என்று நினைத்து, பக்கிளைக் கவருக்குள் தள்ளிவிட்டிருப்பார். பெல்ட்டின் கீழ்ப்பகுதியும் கவரின் மடிப்பில் சிக்கியிருக்கும். தடிமனான பஞ்சு வைத்த கவர் என்றால், அது வேறு சில அங்குலத்தை விழுங்கும். பின்சீட் கவரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, பாதை சரியா? சீட்டின் பக்கவாட்டில் நிறக் குறியீடு இருக்கும். குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பெல்ட் போகவேண்டியது நீலப் பாதை. முன்பக்கம் பார்த்தால் சிவப்புப் பாதை. நிறம் மாறினால் பெல்ட் எட்டாமலும் போகலாம். எட்டினாலும் பிடிக்காது.

நான்காவது, சீட்டின் சாய்வு. அடிப்பாகத்தில் பல நிலைகள் உள்ள சீட் என்றால், கையேடு பின்பக்கம் பார்க்க எந்த நிலையைச் சொல்கிறதோ அதில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கங்கைகொண்டான் வீட்டில் இந்த நான்கில் இரண்டு தவறு இருந்தது. கவரைக் கழற்றியதும் மடிப்பில் சிக்கியிருந்த பெல்ட் விடுபட்டது. தோள் பட்டை நீலக் கொக்கிக்குப் பதில் சிவப்புப் பாதையில் போயிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும், நாலு விரல் இடைவெளி மறைந்து பக்கிள் 'கிளிக்' என்றது.

இத்தனையும் பார்த்த பிறகும் எட்டவில்லையா? அந்த சீட்டுக்கு அந்த இடம் பொருந்தாது. காரின் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் சீட்டை மாற்றுங்கள். பெல்ட்டை நீட்டிக்கும் துண்டுகள் கடைகளில் கிடைக்கும். சைல்டு சீட்டுக்கு அவற்றை மாட்டக் கூடாது. சோதித்துப் பார்த்த பெல்ட்டின் நடுவே, சோதிக்காத ஒரு கொக்கியைச் சேர்ப்பது அது. கயிறு, நாடா, சேலைத் துண்டு இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அலாரத்தை நிறுத்துவதற்காக பக்கிளில் செருகும் போலி கிளிப்பும் இதே ரகம்தான். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அந்தக் கிளிப்களை நீக்க உத்தரவிட்டது. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது.

சிக்கல் 2: பக்கிள் வந்து இடிக்கிறது

பெல்ட் எட்டிவிட்டது. ஆனால், பக்கிள் இருக்கும் தண்டு நீளமாக இருந்து, சீட்டின் பெல்ட் பாதை வளையும் இடத்திலேயே பக்கிள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்க்க இறுக்கமாகத் தெரியும். ஆனால், பக்கிள் பிளாஸ்டிக் விளிம்பில் முட்டி நிற்பதால், மோதலில் அது உடையவோ, நழுவவோ, திறந்துகொள்ளவோ வாய்ப்புண்டு. பக்கிளிலிருந்து கிளம்பும் பெல்ட் மடங்காமல் நேராக சீட்டின் பாதைக்குள் போகவேண்டும். அதுதான் சரி.

சரியில்லை என்றால் முதல் வைத்தியம், இடத்தை மாற்றுவது. ஒரே காரில்கூட பின்சீட்டின் இடது, வலது பக்கிள்கள் ஒரே நீளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் இடித்தால் வலப்பக்கம் வைத்துப் பாருங்கள். பக்கிள் தண்டைத் திருகிக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொன்னால், காரின் கையேடும் சீட்டின் கையேடும் அதை எழுத்தில் அனுமதிக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

நம் அப்பாவும் இதில் ஒருமுறை மாட்டினார். இடப்பக்கம் பக்கிள் இடித்தது. சீட்டைத் தூக்கி வலப்பக்கம், டிரைவருக்குப் பின்னால் வைத்தார். பெல்ட் நேராகப் போனது. தன் சீட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சிக்கல் 3: மாட்டிவிட்டது, ஆனால் ஆடுகிறது

நிறையப் பேர் நின்றுவிடும் இடம் இது. 'கிளிக்' சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சாதாரண சீட் பெல்ட், நாம் குனிந்தால் கூடவே நீளும். அவசர பிரேக்கில் மட்டும்தான் பூட்டும். அதனால் வெறுமனே மாட்டிய சீட், வளைவில் சாயும், பிரேக்கில் நகரும்.

இறுக்கும் முறை இப்படி. பெல்ட்டில் எங்கும் முறுக்கு இல்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட்டின் அடிப்பாகத்தில் ஒரு கையால், வேண்டுமானால் முழங்காலால், உடல் எடையைக் கொடுத்துக் கீழேயும் பின்னேயும் அழுத்துங்கள். அப்படி அழுத்தியபடியே முதலில் இடுப்புப் பட்டையின் தளர்வை இழுத்துத் தோள் பட்டைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தோள் பட்டையின் தளர்வை இழுத்து, மேலே பெல்ட் சுருளும் பக்கம் அனுப்புங்கள். கடைசியாக, சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் கிளிப் இருந்தால் அதை மூடுங்கள். அந்தக் கிளிப்பை மறந்துவிட்டுப் புலம்புபவர்கள்தான் அதிகம்.

சில கார்களில் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டால், திரும்பி உள்ளே போகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அது பெல்ட்டே பூட்டிக்கொள்ளும் வசதி. எல்லாக் கார்களிலும் இது கிடையாது. இல்லாத கார் என்றால், சீட் வாங்கும்போதே பெல்ட்டைப் பூட்டும் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சிக்கல் 4: நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்

பின்சீட்டின் நடுவிடம்தான் கதவுகளிலிருந்து தள்ளி இருப்பதால் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், பழைய கார்கள் பலவற்றில் நடுவிடத்துக்கு வெறும் இடுப்பு பெல்ட்தான். மூன்று முனை பெல்ட்டுக்கென்று செய்த சீட்டை அதில் மாட்டினால், மேல்பாகம் பிடியில்லாமல் முன்னே சாயும். அரைகுறையாக மாட்டிய நடுவிடத்தைவிட, சரியாக மாட்டிய ஓரம் மேல்.

முன்சீட் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில், பின்பக்கம் பார்த்த சைல்டு சீட்டை வைப்பது உயிருக்கே ஆபத்து. விரியும் ஏர்பேக் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டின் முதுகில்தான் அறையும்.

சிக்கல் 5: தலைசாய்ப்பான் தள்ளுகிறது, சாய்வு சரியில்லை

முன்பக்கம் பார்க்கும் சீட்டின் முதுகு, கார் இருக்கையோடு ஒட்டி நிற்க வேண்டும். காரின் தலைசாய்ப்பான் அதை முன்னே தள்ளினால், உயர்த்தியோ கழற்றியோ பாருங்கள். கையேடு அனுமதித்தால் மட்டும் கழற்றுங்கள். கழற்றியதைப் பின்சீட்டில் போட்டுவைக்காமல் டிக்கியில் வையுங்கள். அந்த இடத்தில் மறுபடி பெரியவர் உட்காரும்போது மறக்காமல் மாட்டுங்கள்.

பின்பக்கம் பார்க்கும் சீட்டில் கவனிக்க வேண்டியது சாய்வு. செங்குத்தாக இருந்தால் தூங்கும் குழந்தையின் தலை முன்னே தொங்கி, மூச்சு தடைப்படும். பல சீட்களில் தரைக்கு இணையாக வரவேண்டிய கோடு ஒன்று வரைந்திருப்பார்கள். சமதளத்தில் காரை நிறுத்தி அதைப் பாருங்கள். சுருட்டிய துண்டை முட்டுக் கொடுக்க சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. கையேடு சொல்வதே கணக்கு. தலையணை, மெத்தை என்று இஷ்டத்துக்கு அடியில் வைத்தால், மோதலில் அது அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும்.

ஐசோஃபிக்ஸ் இருந்தால் தொல்லை இல்லையா?

இன்றைய கார்கள் பலவற்றில் பின்சீட்டின் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். அதுதான் ஐசோஃபிக்ஸ். அதற்கேற்ற சீட்டின் கொக்கிகள் நேராக அந்தக் கம்பிகளில் கவ்விக்கொள்ளும். பெல்ட் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால், இங்கேயும் சீட் கவர் கம்பிகளை மூடியிருக்கும். கம்பிகள் மட்டும் போதாது. மேலே ஒரு நாடாவோ, கீழே தரையில் ஊன்றும் காலோ சேர்ந்தால்தான் பிடி முழுமையாகும். தரைக்கடியில் சாமான் பெட்டி உள்ள காரில் காலை ஊன்றுவதற்கு முன் காரின் கையேட்டைப் பாருங்கள். கம்பிக்கும் எடை வரம்பு உண்டு.

இரண்டே சோதனை

எல்லாம் முடிந்ததா? இப்போது பெல்ட் போகும் பாதைக்குப் பக்கத்தில் சீட்டைப் பிடித்து, இடம் வலமாகவும் முன்னும் பின்னும் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சோதிக்கவேண்டிய இடம் பெல்ட் பாதைதான்.

இரண்டாவது சோதனை குழந்தையின் தோள் பட்டையில். பட்டையை மாட்டி இறுக்கிய பின், தோளருகே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் தளர்வு. விரல் வழுக்கினால் சரி. பின்பக்கம் பார்க்கும் குழந்தைக்குப் பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ கிளம்ப வேண்டும். முன்பக்கம் பார்க்கும் குழந்தைக்குத் தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ. விசேஷ நாளில் கனமான பட்டுப் பாவாடையோடு உட்கார வைத்தால் பட்டை இறுகாது. காரில் பருத்தி உடுப்பு, கோயில் வாசலில் பட்டு. அது போதும்.

11 மாதக் குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறதே, முன்பக்கம் திருப்பிவிடலாமா? வேண்டாம். ஐரோப்பாவின் ஆர்129 விதி, குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வைக்கச் சொல்கிறது. அதன் பிறகும் சீட்டின் எடை, உயர வரம்பு இடம்கொடுக்கும்வரை அப்படியே விடுவது நல்லது. முன்பக்க மோதலில் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு சேர்த்துத் தாங்கும்.

அண்ணன் அக்காக்களை மறக்காதீர்கள்

பட்டை சீட்டின் அளவைத் தாண்டிய பிள்ளைக்கு உடனே வெறும் பெல்ட் போதும் என்று நினைக்க வேண்டாம். பூஸ்டர் சீட் பிள்ளையைச் சற்று உயர்த்தி, பெரியவர்களின் பெல்ட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையின் மேல்பகுதியில் படிய வேண்டும். தோள் பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் போகவேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 135 முதல் 150 செ.மீ. உயரம் வரும்வரை இப்படிப்பட்ட இருக்கை கட்டாயம். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று பிள்ளை அதைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொண்டால், திட்டாதீர்கள். அந்த உயரத்துக்கு பூஸ்டர் வேண்டும் என்று அது சொல்கிறது.

வாங்கும் முன் பத்து நிமிடம்

இந்தப் பாடெல்லாம் படாமலிருக்க வழி ஒன்று உண்டு. காரின் கையேட்டில், எந்த இருக்கையில் எந்த வகை சைல்டு சீட் பொருந்தும் என்று ஓர் அட்டவணை இருக்கும். 'யு' என்ற எழுத்து இருந்தால் பொதுவான வகை சீட் பொருந்தும். 'எக்ஸ்' இருந்தால் அந்த இடம் சரிப்படாது. சீட்டில் ஆர்44 அல்லது ஆர்129 என்று அச்சிட்ட ஆரஞ்சு நிறச் சீட்டோ, இந்தியத் தரமான ஏஐஎஸ் 072 குறியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் வாங்குவதானால் காரையே ஓட்டிப்போய், மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடியும் முன்பே மாட்டிப் பார்த்துவிடுங்கள். மொட்டைக்கு முதல்நாள் இரவு பெட்டியைப் பிரிக்காதீர்கள். விபத்தில் சிக்கிய சீட்டையும், முன்கதை தெரியாத பழைய சீட்டையும் வாங்க வேண்டாம். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். கத்திரியில் பூட்டிய காரில் பக்கிள் சுடும். வெள்ளைத் துணி ஒன்றை சீட்டின்மேல் போட்டுவையுங்கள். குழந்தையை உட்கார வைக்கும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள். 'ஒரு நிமிஷம்தான்' என்று குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை

விடிந்தும் விடியாத நேரம். குழந்தை வலப்பக்கம் அதன் சீட்டில். பக்கத்தில் அம்மா. அந்த ஓரம் ஆச்சி, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு. முன்னால் தாய்மாமன்.

"என்னங்க, ஆட்டிப் பாத்துட்டீங்களா?" என்றாள் அம்மா.

"மூணு தடவை பாத்தாச்சு" என்றார் அப்பா.

தாழையூத்து தாண்டும்போது, இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு லோடு ஆட்டோ சட்டென்று தலைநீட்டியது. அப்பா பிரேக்கை மிதித்தார். ஆச்சியின் மடியிலிருந்த பனையோலைப் பெட்டி பறந்துபோய் முன்சீட்டின் முதுகில் மோதி, உள்ளே இருந்த பழமும் தேங்காயும் காலடியில் உருண்டன. குழந்தை ஒரு நொடி விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. சீட் அசையவில்லை.

ஆச்சி உருண்ட தேங்காயைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அந்த மடியில்தானே குழந்தையைக் கேட்டார்! வண்டி பாளையங்கோட்டை தாண்டி, செய்துங்கநல்லூர் வரும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு மெல்ல மருமகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, என் பெல்ட்டு எங்க இருக்குன்னு பாரு. அதையும் மாட்டி விடு" என்றார்.

தோண்டித் துழாவியதில், ஆச்சிக்கான பக்கிளும் மெத்தை இடுக்கில் புதைந்துதான் கிடந்தது. கவர் போட்ட நாளிலிருந்து அதை யாரும் தேடவில்லை.

திருச்செந்தூரில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி அழுது மொட்டை போட்டுக்கொண்டது. மொட்டைக்கு மாமன் மடிதான். அதை யாரும் மாற்ற முடியாது. திரும்பி வரும்போது, யாரும் சொல்லாமலே, ஆச்சியே குழந்தையை அதன் சீட்டில் உட்கார வைத்து, தோள் பட்டையைக் கிள்ளிப் பார்த்தார். விரல் வழுக்கியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரின் பின்கதவையும் திறந்து பாருங்கள். பக்கிள்கள் எல்லாம் வெளியே தெரிகின்றனவா? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.